பிரௌனிங்கின் ‘தி லேபரட்டரி’: அந்தப் பழி யார் மேல்?

ஆற்றங்கரை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். எங்கள் வாசிப்பு வட்டத்தில் போன சனிக்கிழமை ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் பிரௌனிங்கின் ‘தி லேபரட்டரி’யை எடுத்தோம். இரண்டு மணி நேரம் பேசியும் தீரவில்லை, அதனால் இங்கே கொண்டு வருகிறேன்.

படிக்காதவர்களுக்காக ஒரு சுருக்கம். 1844 ஜூனில் லண்டன் ‘ஹூட்ஸ் மேகசின்’ இதழில் வந்த கவிதை. 12 பத்தி, பத்திக்கு 4 வரி, மொத்தம் 48 வரிதான். களம் பிரெஞ்சுப் புரட்சிக்கு முந்தைய பிரான்ஸ். அரசவையில் நடனமாடும் சீமாட்டி ஒருத்தி, நஞ்சு காய்ச்சும் கிழவர் ஒருவரின் அறையில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் காதலன் இப்போது வேறொருத்தியோடு. அந்த வேறொருத்திக்குக் கொடுக்க நஞ்சு வேண்டும். கவிதை முழுக்க இவள் பேச்சு மட்டுமே. கிழவர் வாய் திறப்பதில்லை. நாடகத் தனிமொழி என்று பாடப் புத்தகங்களில் சொல்கிறோமே, அந்த வகை.

எனக்கு உறுத்துவது ஒன்று. அந்தக் காதலன் எங்கே? எண்ணிப் பார்த்தேன். 12 பத்தியில் 4 பத்தியில்தான் அவன் வருகிறான், அதுவும் ஓரிரு சொல்லாக. அவன் முகம் எப்படி, பெயர் என்ன, என்ன சொல்லி இவளை விட்டான், ஒன்றும் கிடையாது. ஆனால் மேசை மேல் இருக்கும் பொருட்களை அவள் பார்க்கும் பார்வையைப் பாருங்கள். கல்வத்தில் கிடக்கும் பிசினைக் கண்டு, இப்படிப் பொன்னாகக் கசியும் மரம் எவ்வளவு அருமையான மரம் என்கிறாள். நீலக் குப்பியைக் கண்டு, இது நிச்சயம் இனிக்கும், இதுவும் நஞ்சுதானா என்கிறாள். இதெல்லாம் என்னிடம் இருந்தால் தோட்டிலும் சிமிழிலும் முத்திரை மோதிரத்திலும் விசிறிக் காம்பிலும் சாவை வைத்துக்கொண்டு நடக்கலாமே என்று கனவு காண்கிறாள். ஒரு பெண் தன் காதலனைப் பற்றிப் பேச வேண்டிய குரலில் இவள் நஞ்சைப் பற்றிப் பேசுகிறாள்.

என் வாசிப்பு இதுதான்: பொறாமை இங்கே காதலை முழுசாகத் தின்று முடித்துவிட்டது. மிச்சம் இருப்பது பழி வாங்குவதில் உள்ள சுவை மட்டும். அதோடு, உண்மையான தண்டனை அந்தப் பெண்ணுக்கு அல்ல, அவனுக்கு. பத்தாம் பத்தியில் வலி இல்லாமல் செய் என்று நான் சொல்லவில்லை என்கிறாள். சாவு உணரப்பட வேண்டும், தடம் தங்க வேண்டும், அந்த அழகைச் சுட வேண்டும், கடித்துத் தின்ன வேண்டும், ஏனென்றால் அவள் சாகும் முகம் அவனுக்கு நினைவிருக்கும். அந்தப் பெண் செத்துவிட்டால் அவளுக்கு எல்லாம் முடிந்தது. அவன்தான் அந்த முகத்தோடு வாழ வேண்டும்.

உங்கள் கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

பழையபெஞ்சு

நல்ல தொடக்கம். ஆனால் //காதலை முழுசாகத் தின்று முடித்துவிட்டது// என்பதில் எனக்கு உடன்பாடு பாதிதான்.

இரண்டாம் பத்தியில் கொஞ்சம் நில்லுங்கள். அவன் அவளோடு இருக்கிறான். எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். எங்கே இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்திருப்பது அவர்களுக்குத் தெரிந்தே செய்கிறார்கள். நான் எங்கோ காலியான தேவாலயத்தில் கண்ணீர் விட்டுக்கொண்டிருப்பேன் என்று நினைத்துச் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு என்ற சொல் அடுத்தடுத்து இரண்டு முறை வருகிறது. ‘என்னைப் பார்த்து’ என்பதும் இரண்டு முறை. அப்புறம் ஒரு குட்டி வாக்கியம்: நான் இங்கே இருக்கிறேன்.

இது பொறாமையை விட அவமானம். அவன் போனதைக்கூட அவள் தாங்கியிருப்பாள் என்று எனக்குத் தோன்றுகிறது. தன்னை அழுமூஞ்சியாக அவர்கள் கற்பனை செய்து சிரிப்பதைத்தான் தாங்க முடியவில்லை. நம் மொழியில் ‘பொறாமை’ என்பதே பொறுக்க மாட்டாமைதான். எதைப் பொறுக்க முடியவில்லை என்று கேட்டால் இந்தக் கவிதையில் கிடைக்கும் பதில் ‘அந்தச் சிரிப்பை’. அடுத்த பத்துப் பத்தியிலும் அவள் ஆடும் ஆட்டமெல்லாம் அந்தச் சிரிப்புக்குப் பதில்.

அதனால்தான் காதலனின் முகம் இல்லை. அவனைச் சிரிக்கும் வாயாக மட்டுமே அவள் நினைவு வைத்திருக்கிறாள்.

நிலாமுற்றம்

ஐயா, அக்கா, எல்லோருக்கும் வணக்கம். நான் எம்.ஏ. முதலாண்டு. இந்தக் கவிதை எங்களுக்குப் பாடம். ஒரு சந்தேகம், சின்னதுதான். முதல் வரியில் வரும் கண்ணாடி முகமூடி யார் முகத்தில் இருக்கிறது? நான் வாங்கிய நோட்ஸில் கிழவர் அணிந்திருப்பதாக இருக்கிறது. ‘உன் கண்ணாடி முகமூடி’ என்றுதானே வரி சொல்கிறது.

குடுவை

தங்கச்சி, முகமூடி கிழவருடையது, கட்டியிருப்பது அவள். முதல் வரியில் உன் முகமூடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு இந்தப் புகை வழியாகப் பார்க்கிறேன் என்கிறாள். பதினோராம் பத்தியில் ‘என் முகமூடியை எடு’ என்கிறாள். இரண்டையும் சேர்த்துப் படித்தால் குழப்பம் இல்லை.

நான் ஒரு கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் 27 வருடம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இலக்கியம் படித்தவன் இல்லை. மகள் புத்தகத்தில் இந்தக் கவிதையைப் பார்த்துப் பிடித்துப்போய் நாலைந்து முறை படித்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த பக்கத்தில் இருந்து இரண்டு விஷயம் சொல்கிறேன்.

முதலாவது, அந்த நீலக் குப்பி. அவள் நிறத்தைப் பார்த்துச் சுவையை முடிவு செய்கிறாள். நீலம் என்றால் இனிக்குமாம். மயில்துத்தம் கரைத்த தண்ணீரைக் கண்ணாடிக் குடுவையில் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவ்வளவு அழகான நீலம் வேறு எதிலும் வராது. புதிதாக வரும் மாணவர்கள் அந்தக் குடுவையைத்தான் முதலில் கையில் எடுப்பார்கள். ஆனால் நாக்கில் பட்டால் உலோகக் கசப்பு, குமட்டிவிடும். நிஜமாகவே இனிக்கும் நஞ்சு ஈய உப்பு ஒன்று உண்டு, அதற்கு நிறமே கிடையாது. கவிதையில் அந்தக் குப்பியில் இருப்பது என்ன என்று பிரௌனிங் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒரு வரியிலேயே இவள் இந்த அறைக்குப் புதியவள் என்று தெரிந்துவிடுகிறது. கடையில் துணி பார்க்கிற மாதிரி நஞ்சைப் பார்க்கிறாள். ஏழாம் பத்தியில் தயாரான மருந்தைப் பார்த்து நிறம் கறுத்திருக்கிறதே, குப்பியில் இருப்பது போல மங்கலாக, ஆசையைத் தூண்டுவதாக இருக்கக் கூடாதா என்று குறைபடுவதும் அதே கணக்குதான்.

இரண்டாவது, ‘தடம் தங்கட்டும்’ என்ற இடம். இது எனக்கு ரொம்ப விசித்திரமாகப் பட்டது. நஞ்சு வைப்பவர்கள் விரும்புவது தடம் இல்லாத சாவு. வெள்ளைப் பாஷாணம் (ஆர்செனிக்) அந்தக் காலத்தில் அவ்வளவு பேர் பெற்றதே அதனால்தான். நிறம் இல்லை, சுவை தெரியாது, செத்தவர் வாந்தி பேதியில் செத்தது போலவே இருக்கும். உடலில் மிகச் சிறிய அளவு பாஷாணத்தைக்கூடக் கண்டுபிடிக்கும் சோதனையை ஜேம்ஸ் மார்ஷ் 1836இல்தான் வெளியிட்டார். இவள் வாழும் காலத்தில் அதெல்லாம் இல்லை. பிடிபடாமல் தப்பிக்க எல்லா வசதியும் இருக்கும் ஒருத்தி, தடம் வேண்டும் என்கிறாள். தான் செய்தது தெரிய வேண்டும், அவனுக்கு மட்டும் தெரிய வேண்டும். ஆற்றங்கரை சொன்னதற்கு இது துணை நிற்கும் என்று நினைக்கிறேன்.

ஆற்றங்கரை

குடுவை ஐயா, ‘இந்த அறைக்குப் புதியவள்’ என்பதை நான் கவனிக்கவே இல்லை. நன்றி. பழையபெஞ்சு சொன்ன சிரிப்பையும் ஏற்கிறேன். ‘தின்று முடித்துவிட்டது’ என்பதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன்.

பழஞ்சுவடி

வரலாற்றுப் பக்கம் யாராவது வருவார்கள் என்று பார்த்தேன். நானே எழுதிவிடுகிறேன்.

இந்தக் கவிதைக்கு மூலம் மார்க்கீஸ் த பிரின்வில்லியே என்ற பிரெஞ்சுச் சீமாட்டி என்று பலரும் சொல்வார்கள். 1630இல் பிறந்தவர். காதலன் செயின்ட் குருவா. இந்த உறவு பிடிக்காத தந்தை, 1663இல் அவனைப் பாஸ்டீல் சிறையில் போட வைத்தார். அங்கேதான் அவன் நஞ்சுத் தொழிலைக் கற்றான் என்பார்கள். 1666இல் தந்தை, 1670இல் இரண்டு சகோதரர்கள், மூவரும் நஞ்சில் செத்தார்கள். 1672இல் செயின்ட் குருவா இறந்தபோது அவன் விட்டுப்போன பெட்டியில் கடிதங்களும் நஞ்சுகளும் இருந்தன. பிரின்வில்லியே நாட்டை விட்டு ஓடி, லியேஜில் ஒரு கன்னிமடத்தில் பிடிபட்டார். 1676 ஜூலை 17இல் பாரிஸில் தலையை வெட்டி, உடலை எரித்தார்கள்.

கண்ணாடி முகமூடிக்கும் இங்கே ஒரு வேர் உண்டு. செயின்ட் குருவா நஞ்சு காய்ச்சும்போது முகத்தில் இருந்த கண்ணாடி முகமூடி கழன்று விழுந்து, புகையை உள்ளிழுத்துச் செத்தான் என்று பின்னாளில் கதை கட்டினார்கள். கதைதான். ஆனால் பிரௌனிங் காலத்தில் இது பரவியிருந்த கதை.

இன்னொன்று. மதாம் த செவின்யே என்ற சீமாட்டி தன் மகளுக்கு எழுதிய கடிதங்கள் பிரெஞ்சு இலக்கியத்தில் புகழ் பெற்றவை. பிரின்வில்லியேவை எரித்த அன்று எழுதிய கடிதத்தில், அந்தப் பாவப்பட்ட சின்ன உடல் பெரிய நெருப்பில் போடப்பட்டது, சாம்பல் காற்றில் கலந்தது, இனி நாம் அவளைத்தான் மூச்சில் இழுப்போம் என்று எழுதினார். ‘சின்ன உடல்’ என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எட்டாம் பத்தியில் நம் சீமாட்டி என்ன சொல்கிறாள்? இவ்வளவுதானா, ஒரு சொட்டா, அவள் என்னைப் போலச் சின்ன உருவம் இல்லையே, அதனால்தானே அவனை வளைத்துப் போட்டாள் என்கிறாள்.

ஆனால் ஒரு பெரிய வேறுபாடு. பிரின்வில்லியே கொன்றது பெரும்பாலும் சொத்துக்காக. அப்போது நஞ்சுக்கு ‘வாரிசுப் பொடி’ என்றே பெயர் இருந்தது. பொறாமையைச் சேர்த்தது பிரௌனிங். அவளை ஒரு காதலியாக்கி, சிரிக்கும் ஒரு ஜோடியைக் கொடுத்து, கணக்குப் பார்த்துக் கொன்ற பெண்ணைக் கொதித்துக் கொல்லும் பெண்ணாக மாற்றினார்.

அதோடு ‘அரசர் மாளிகை நடனம்’ என்ற சொல் சும்மா வரவில்லை. பிரின்வில்லியேவுக்கு அப்புறம்தான் 14ஆம் லூயியின் காலத்து நஞ்சு விவகாரம் வெடித்தது. 1679இல் தனி நீதிமன்றம் அமைத்தார்கள். 1680 பிப்ரவரி 22இல் லா வாய்சான் என்ற பெண்ணை உயிரோடு எரித்தார்கள். மொத்தம் 36 பேருக்கு மரண தண்டனை. விசாரணை அரசரின் காதலி மதாம் த மொன்தெஸ்பான் வரை போனதும், 1682இல் அரசர் எல்லாவற்றையும் மூடிவிட்டார். கிழவரின் அறைக்கும் நடன அறைக்கும் தூரம் ரொம்பக் குறைவு.

மறுபக்கம்

தகவல்கள் அருமை. ஆனால் ஒரு வேண்டுகோள். பிரின்வில்லியேவை அளவுக்கு மீறிக் கொண்டு வந்தால் கவிதை சுருங்கிவிடும். கவிதையில் இவளுக்குப் பெயர் இல்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

கவனியுங்கள், பெயர் உள்ளவர்கள் இரண்டே பேர். பாலின், எலீஸ். ஆறாம் பத்தி. ஒரு இனிப்பு வில்லை கொடுத்தால் போதும், பாலினுக்கு இன்னும் 30 நிமிடம்தான் ஆயுள். ஒரு ஊதுவில்லையைக் கொளுத்தினால் போதும், எலீஸ் தன் தலையோடும் மார்போடும் கைகளோடும் பொத்தென்று விழுவாள். இவர்கள் யார்? அந்தப் போட்டிக்காரியா? கவிதை சொல்லவில்லை. ஒருத்தியைக் கொல்ல வந்தவள் இரண்டு பெயர் சொல்கிறாள், இரண்டும் ‘அவள்’ என்று நிரூபிக்க வழியில்லை. என் வாசிப்பில் இவர்கள் வேறு பெண்கள். நஞ்சு கையில் வரப்போகிறது என்றவுடன் பட்டியல் நீள்கிறது. பொறாமை ஒருத்தியோடு நிற்காது. அவைக்குள் அழகாக இருக்கும் ஒவ்வொருத்தி மேலும் அது வழிகிறது.

எலீஸின் உடலை அவள் உறுப்பு உறுப்பாக அடுக்குவதையும் பாருங்கள். தலை, மார்பு, தோள், கை. அவையில் ஆண்கள் எந்த இடங்களைப் பார்க்கிறார்கள் என்று இவள் பலநாள் பார்த்திருக்கிறாள்.

செம்பருத்தி

மறுபக்கம், நீங்கள் சொன்னதும் எனக்கு நம் அகமரபு நினைவுக்கு வந்தது. அகப்பாடல்களும் ஒருவர் கூற்றாகத்தான் வரும், கேட்பவர் பேசாமல் இருப்பார். அங்கேயும் யாருக்கும் பெயர் சுட்டக் கூடாது, ‘சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்’ என்று தொல்காப்பியம் விதியே வைத்திருக்கிறது. குறுந்தொகை 8இல் காதற்பரத்தை, அதாவது தலைவன் நாடிப் போகும் இன்னொரு பெண், பேசுகிறாள். தலைவியின் பக்கத்தவர் காதில் விழட்டும் என்றே தலைவனை இளக்காரமாகப் பேசுகிறாள். ஒப்பீட்டை இதற்கு மேல் இழுக்கவில்லை, இரண்டு உலகமும் வேறு. ஆனால் நான் ‘கூற்று’ என்ற சொல்லோடு இந்தக் கவிதைக்குள் நுழைந்தபோது கதவு சுலபமாகத் திறந்தது.

நான் இதைத் தமிழில் கொண்டுவர ஆறு மாதமாக முயன்று வருகிறேன். முதல் தடை கிழவரை எப்படி அழைப்பது என்பது. ஆங்கிலத்தில் அவள் பழைய பாணியில் ‘நீ’ என்றுதான் தொடங்குகிறாள். சீமாட்டி ஒருத்தி தொழிலாளியை அழைக்கும் ‘நீ’ அது. சரி, நானும் ‘நீ’ போட்டேன். ஆனால் கவிதை போகப் போக அவள் குரல் மாறுகிறது. கடைசியில் நகையெல்லாம் எடுத்துக்கொள், பொன்னை வயிறு முட்ட விழுங்கு, வேண்டுமானால் என் வாயிலேயே முத்தம் கொடு கிழவா என்கிறாள். முதல் ‘நீ’யும் இந்த ‘நீ’யும் ஒன்றா? முதல் ‘நீ’ அதிகாரம். கடைசி ‘நீ’ நன்றிக்கடன், கூட்டாளி, ஏறக்குறைய காதலன் இடம். தமிழில் இரண்டும் ஒரே எழுத்து. அந்த மாற்றத்தை வினையில் காட்டப் பார்க்கிறேன், முழுசாக வரவில்லை.

இரண்டாம் பத்தி இப்போது இருக்கும் நிலையில் இப்படி:

அவளோடு இருக்கிறான். நான் அறிந்தது அவர்களும் அறிவார்,
எங்கே, என்னவென்று. என் கண்ணீர் வழிவதாய் நம்பி
சிரிக்கிறார், சிரிக்கிறார் என்னை, என்னை, ஆளில்லாக் கோயிலில்
அவர்களுக்காய் மன்றாட ஓடினேனாம்! நான் இங்கே.

‘நான் இங்கே’ என்று வினையில்லாமல் நிறுத்தியது சரியா என்று தெரியவில்லை. பழையபெஞ்சு சொன்ன அந்தக் குட்டி வாக்கியத்தின் கனம் வந்திருக்கிறதா?

பழையபெஞ்சு

வந்திருக்கிறது. ‘இருக்கிறேன்’ போட்டால் நீர்த்துவிடும். அப்படியே விடுங்கள். ‘ஓடினேனாம்’ என்ற ‘ஆம்’ மிக நன்று. அவர்கள் சொல்லும் கதையை இவள் வாயில் வைத்துத் துப்புவது போல இருக்கிறது.

நிலாமுற்றம்

செம்பருத்தி அக்கா, ஓசை பற்றி ஒரு கேள்வி. எங்கள் வகுப்பில் இந்தக் கவிதையின் ஓசை குதித்து ஓடுகிறது, விஷயத்துக்குப் பொருந்தவில்லை என்று ஒரு கருத்து வந்தது. கொலையைப் பற்றிப் பேசும்போது தாலாட்டு மாதிரி ஜோடி ஜோடியாக இயைபு எதற்கு?

செம்பருத்தி

நல்ல கேள்விம்மா. வாய்விட்டுப் படித்துப் பார். வரிக்கு நாலு அழுத்தம், நடுவில் மூன்று மூன்று அசையாக ஓடுவது ‘தகிட தகிட’ என்று காலில் ஏறும். அவள் ஆடப் போகிற நடனம் அது. உடல் நாற்காலியில் இருக்கிறது, கால் ஏற்கெனவே மாளிகைக்குப் போய்விட்டது. மூன்றாம் பத்தியில் எனக்கு அவசரம் இல்லை என்கிறாள், ஆனால் ஓசை அவசரப்படுகிறது. ஏழாம் பத்தியிலேயே ‘சீக்கிரம், முடிந்ததா’ என்று வாயும் ஒத்துக்கொண்டுவிடுகிறது.

இன்னொரு தகவலும் உண்டு. 1845இல், அடுத்த வருடம் பிரௌனிங்கை மணக்கப்போகும் எலிசபெத் பாரெட், இந்தக் கவிதையின் தொடக்க வரிகளின் ஓசை நிச்சயமில்லாமல் இருக்கிறது, படிப்பவர் மனம் தண்டவாளத்தை விட்டு இறங்கிவிடுகிறது என்ற பொருளில் அவருக்கு எழுதினார். உங்கள் வகுப்பில் வந்த கருத்து இதற்கு நேர் எதிர். அவருக்கு அது ஓடவில்லை, உங்களுக்கு ரொம்ப ஓடுகிறது. முதல் பத்தியைத் தனியாகவும் ஐந்தாம் பத்தியைத் தனியாகவும் படித்தால் இரண்டு பேரும் சொல்வது சரி என்று தெரியும். தொடக்கத்தில் முகமூடி கட்டும்போது வரி தட்டுத் தடுமாறுகிறது. நஞ்சை ரசிக்கத் தொடங்கியதும் ஓட்டம் பிடிக்கிறது.

பழஞ்சுவடி

விக்டோரியா காலத்து வாசகர் இதை எப்படிப் படித்திருப்பார் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். 1840இல் பிரான்ஸில் மேரி லஃபார்ஜ் வழக்கு நடந்தது. கணவனுக்குப் பாஷாணம் கொடுத்தாள் என்ற குற்றச்சாட்டு. குடுவை சொன்ன மார்ஷ் சோதனைதான் அந்த நீதிமன்றத்தில் முக்கிய சாட்சி. ஐரோப்பா முழுக்கப் பத்திரிகைகள் அதையே எழுதின. நாலு வருடத்தில் பிரௌனிங்கின் கவிதை வருகிறது.

1851இல் இங்கிலாந்தில் பாஷாணச் சட்டம் வந்தது. வாங்குபவர் பெயரைக் கடைக்காரர் பதிவு செய்ய வேண்டும். வெள்ளையாக இருக்கும் பாஷாணத்தில் புகைக்கரியோ அவுரி நீலமோ கலந்தே விற்க வேண்டும், சர்க்கரை மாவு என்று யாரும் ஏமாறாமல் இருக்க. அந்த மசோதாவில் ‘வயது வந்த ஆண்களுக்கு மட்டுமே விற்கலாம்’ என்று ஒரு பிரிவைக்கூடச் சேர்த்தார்கள். தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் கடுமையாக எதிர்த்து எழுதினார், கடைசியில் அது நீக்கப்பட்டது. நஞ்சு என்றால் பெண் என்ற அச்சம் அந்தச் சமூகத்தில் எவ்வளவு ஆழம் என்பதற்கு இதுவே போதும். பிரௌனிங் அந்த அச்சத்துக்குத் தீனி போடுகிறாரா, இல்லை அதற்கு உள்ளே போய்ப் பார்க்கிறாரா என்பது எனக்கு நெடுநாள் கேள்வி.

பழையபெஞ்சு

உள்ளே போய்ப் பார்க்கிறார் என்பேன். அதற்கு அவருடைய மற்ற கவிதைகளே சாட்சி. 1836இல் ‘போர்ஃபிரியாவின் காதலன்’, 1842இல் ‘மை லாஸ்ட் டச்சஸ்’. இரண்டிலும் கொல்பவன் ஆண். இரண்டாவதில் ஃபெராரா பிரபு தன் மனைவி எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள் என்பதற்காக ஆணை பிறப்பித்தேன், சிரிப்பெல்லாம் ஒன்றாக நின்றுபோயின என்று ஒற்றை வரியில் சொல்லிவிட்டு அடுத்த கல்யாணப் பேச்சுக்குப் போகிறான். எவ்வளவு தைரியம் பாருங்கள், கேட்பவன் அடுத்த பெண்ணின் வீட்டுத் தூதன்!

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் காலம்தான் வித்தியாசம். பிரபு கொலைக்கு வெகுநாள் கழித்துப் பேசுகிறான். போர்ஃபிரியாவின் காதலன் கொன்ற அதே இரவில், பிணத்தின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு பேசுகிறான். நம் சீமாட்டி கொலைக்கு முன்னால் பேசுகிறாள். அவள் இன்னும் ஒன்றுமே செய்யவில்லை. அவள் எழுந்து வெளியே போய்விட்டால் எல்லாம் வெறும் பேச்சாகப் போய்விடும். மூவரில் திரும்பிப் போக வழி இருப்பது இவள் ஒருத்திக்குத்தான். எனக்கு இந்தக் கவிதை அதிகம் வலிப்பது அதனால்தான்.

பிரபு அதிகாரத்தால் கொல்கிறான், ஒரு வார்த்தை போதும். இவளுக்கு அந்த வார்த்தை இல்லை. நகை அத்தனையும் கொடுத்து, உதட்டையும் கொடுத்து ஒரு சொட்டு வாங்க வேண்டியிருக்கிறது. ‘என் செல்வம் முழுவதற்கும் ஒரு துளி’ என்று அவளே சொல்கிறாள்.

ஆற்றங்கரை

பழையபெஞ்சு, ‘திரும்பிப் போக வழி’ என்பதைப் படித்ததும் ஒன்பதாம் பத்தியைத் திரும்பப் போய்ப் பார்த்தேன். நேற்று இரவு அவர்கள் குசுகுசுத்துக்கொண்டிருந்தபோது என் கண்களை அவள் மேல் பதித்தேன், அரை நிமிடம் அப்படியே வைத்திருந்தால் கருகி விழுந்துவிடுவாள் என்று நினைத்தேன், விழவில்லை என்கிறாள். அந்த ‘விழவில்லை’யில் இருக்கும் ஏமாற்றம் நஞ்சைப் பற்றிய எந்த வரியிலும் இல்லை. அந்தக் குழந்தைத்தனமான ஆசை, கண்ணாலேயே எரித்துவிட வேண்டும் என்பது, நம்மில் யாருக்குத்தான் ஒருமுறையாவது வரவில்லை? எனக்கு வந்திருக்கிறது. ஒரு கல்யாண வீட்டில், சாப்பாட்டுப் பந்தியில் எதிர் வரிசையில் இருந்த ஒருவரைப் பார்த்து. இலையில் என்ன பரிமாறினார்கள் என்றுகூட இன்றைக்கு நினைவில்லை.

அங்கேதான் நான் இவளை முதல்முறையாக நெருங்கினேன். முதல் பதிவில் எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். காதல் தின்னப்படவில்லை. அது எதிரில் இருக்கும் பெண்ணின் மேல் போய் உட்கார்ந்துவிட்டது. அந்தப் பெண்ணின் பெரிய கண்கள், நாடித் துடிப்பின் கம்பீரம், இதையெல்லாம் யார் வர்ணிக்கிறார்கள்? இவள்தான். காதலனுக்குக் கிடைக்காத வர்ணனை போட்டிக்காரிக்குக் கிடைத்திருக்கிறது.

மறுபக்கம்

இது எனக்குப் பிடித்திருக்கிறது.

கடைசிப் பத்திக்கு வருவோமா? வகுப்பறைகளில் அடிக்கடி சொல்வார்கள், அவளும் செத்துவிடுவாள், நஞ்சுப் பொடி ஆடையில் ஒட்டியிருக்கிறது, நடனத்தின் நடுவே விழுவாள் என்று. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கவிதை நடனத்துக்கு முன்பே முடிகிறது. அடுத்த கணம் நான் அரசர் மாளிகையில் ஆடுவேன் என்பதுதான் கடைசிச் சொல். அதற்கு மேல் நாம் எழுதினால் அது நம் கதை. பாவம் செய்தவளுக்குத் தண்டனை கிடைத்தே ஆக வேண்டும் என்ற ஆசையில் நாமே அவளைக் கொல்கிறோம்.

பழஞ்சுவடி

‘அவளைத் துன்புறுத்தினால், அது என்னை எப்போதாவது துன்புறுத்துமா’ என்று பதினோராம் பத்தியில் கேட்கிறாளே, அந்தக் கேள்வியைப் பிரௌனிங் சும்மா வைத்திருப்பாரா? செயின்ட் குருவா கதையை அறிந்த வாசகர் அந்த முகமூடி கழலும் இடத்தில் பதறியிருப்பார்.

மறுபக்கம்

பதறட்டும். பதறுவது வேறு, செத்துவிட்டாள் என்று முடிவு கட்டுவது வேறு.

செம்பருத்தி

இங்கே நமக்குக் கிழவர் உதவலாம். அவர் பேசவில்லை, ஆனால் அவர் முகம் ஒரே ஒரு இடத்தில் தெரிகிறது. முகமூடியை எடு என்கிறாள், உடனே ‘முகத்தைச் சுளிக்காதே’ என்கிறாள். அவர் சுளித்திருக்கிறார். ஏன்? முகமூடி கிட்டத்தில் பார்க்க விடாமல் தடுக்கிறது என்று இவள் சமாதானம் சொல்கிறாள். அப்படியென்றால் அவர் எடுக்கத் தயங்கியிருக்கிறார். இன்னும் நேரம் ஆகவில்லை என்று அவர் முகம் சொல்லியிருக்கலாம். கவிதை முழுக்க அவருக்குக் கிடைத்த ஒரே வசனம் அந்தச் சுளிப்புதான். மொழிபெயர்ப்பில் நான் இதைத் தவறவிட்டிருந்தேன், ‘வருந்தாதே’ என்று போட்டிருந்தேன். மாற்றப் போகிறேன்.

குடுவை

இரண்டு நாளாக இழையைப் பார்க்கவில்லை, மன்னிக்கவும். செம்பருத்தி சொன்னதைப் படித்ததும் ஒன்று எழுதத் தோன்றியது.

ஆய்வகத்தில் பொடி சிந்தினால் புதியவர்கள் உடனே கையால் தட்டுவார்கள், இல்லை துடைப்பத்தை எடுப்பார்கள். நான் ஓடிப்போய்க் கையைப் பிடிப்பேன். உலர்ந்த பொடியைத் தட்டினால் அது போகாது, எழும்பும். ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். இது தெரியாமல் தட்டிவிட்டு அரைமணி நேரம் இருமிய பையன்களை நிறையப் பார்த்திருக்கிறேன். என் மேலங்கியை நான் ஒருநாளும் வீட்டு வாசலில் உதறியதில்லை.

இப்போது வரிசையைப் பாருங்கள். பதினோராம் பத்தியில் முகமூடியை எடு என்கிறாள். பன்னிரண்டாம் பத்தியில் முத்தம் கொடு என்கிறாள், அப்படியென்றால் முகமூடி கழன்றாகிவிட்டது. அதற்கு அப்புறம்தான் என் மேல் இருக்கும் இந்தப் பொடியைத் தட்டிவிடு என்கிறாள்.

முகம் திறந்திருக்கும்போது தட்டச் சொல்கிறாள்.

மறுபக்கம் சொன்னது சரிதான், அவள் செத்தாள் என்று கவிதை சொல்லவில்லை. ஆனால் கிழவருக்கு இந்த வரிசை தெரியும். எத்தனையோ வருடம் அந்த அறையில் இருந்தவர். அவர் தட்டினாரா, ஈரத்துணியை எடுத்தாரா என்றுதான் நான் ஒவ்வொரு முறையும் கடைசி இரண்டு வரியில் யோசிக்கிறேன்.